சீட்டைத் திறந்த பின்

தாம்பரம், பல்லாவரம், திருநீர்மலை, குன்றத்தூர் எனச் சென்னையின் தென்புறத்தில் கோயில் வாசல்களிலும் சந்தையோரங்களிலும் ஒரு காலத்தில் எளிதாகக் காணக் கிடைத்த கிளி ஜோசியத்தைப் பார்த்தவர்கள், அதைக் கிளியின் சாமர்த்தியமாகவே பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கலை தொடங்குவதோ கிளி ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்து, நெல்மணியைக் கொத்திக்கொண்டு கூண்டுக்குள் திரும்பிய பிறகு, ஜோசியர் சீட்டைத் திறந்து படத்தைப் பார்த்து வாய் திறக்கும்போதுதான்.

சீட்டு என்பது உறைக்குள்ளோ மடிப்புக்குள்ளோ இருக்கும் ஒரு தெய்வப் படம். நட்சத்திரங்களின் கணக்கை ஒட்டி, ஒரு கட்டில் வழக்கமாக 27 சீட்டுகள் இருக்கும். முருகன், பிள்ளையார், லட்சுமி, சனீஸ்வரன், இராம காதையின் காட்சிகள் ஆகியவற்றோடு ஏசுவும் மாதாவும்கூடச் சில கட்டுகளில் உண்டு. கிறிஸ்தவத் தலமான பரங்கிமலையை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் இவ்வட்டாரத்தில் அது தேவையும்கூட. இப்படங்கள் நாட்காட்டி ஓவிய மரபைச் சேர்ந்தவை என்பதால், கேட்பவருக்கும் அவற்றின் கதை முன்பே தெரியும். ஆகவே ஜோசியர் கதையை விளக்க வேண்டியதில்லை. அதன் எந்தக் கணத்தில் எதிரே இருப்பவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பதைக் கண்டு சொன்னால் போதும்.

அசோக வனத்துச் சீதை வந்ததாகக் கொள்வோம். வெளிநாட்டுக்குப் போன கணவனை எண்ணியிருக்கும் பெண்ணுக்கு அது பிரிவின் படம். வேலைக்கான கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் இளைஞனுக்கு அதே படத்தில் மரக்கிளையில் அமர்ந்திருக்கும் அனுமன் முதன்மையாகி, தொலைவிலிருந்து வரும் செய்தி ஆகிறான். சொத்து வழக்கில் சிக்கியவருக்கோ, மீட்சிக்குப் பிறகும் தீக்குளித்தே தீர வேண்டியிருந்தது என்ற பின்கதை, தீர்ப்பு வந்தாலும் ஓர் அலைச்சல் மிச்சம் இருக்கிறது என்ற எச்சரிக்கையாகிறது. படம் ஒன்றாக இருந்தும் வாசிப்பு மூன்றாக விரிவதுதான் இக்கலையின் சுவை. சனீஸ்வரன் வந்தவுடன் குரலைத் தாழ்த்தி அச்சுறுத்தி, பரிகாரம், அதாவது தோஷம் நீக்கும் சடங்கு, என்ற பெயரில் தாயத்தை விற்பவர் வியாபாரி மட்டுமே. நளன் இழந்த நாட்டைத் திரும்பப் பெற்றதும் அந்தச் சனியின் கதையில்தான் வருகிறது என்பதை எடுத்துச் சொல்லத் தெரிந்தவரே வாசிப்பவர்.

இதைக் கற்பவர் படங்களின் கதைகளையும், தெய்வங்களை அழைத்துப் பேச்சைத் தொடங்கும் சொற்கட்டையும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிடலாம். கடினமானது எதிரே அமர்ந்திருப்பவரைப் படிப்பது: கூட வந்தவர் யார், கேள்வி கேட்டதும் அவர் யார் முகத்தைப் பார்க்கிறார், ‘குடும்பத்தில் ஒரு காரியம் தள்ளிப்போகிறது’ என்ற பொதுச்சொல்லுக்குத் தலை எப்போது அசைகிறது என்பவற்றை வைத்து அடுத்த வாக்கியத்தை அமைப்பது. இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்குவது எளிது. வருங்காலத்தை அறிவதாகச் சொல்வது மெய்யும் அல்ல. ஆயினும் முன்தயாரிப்பின்றி, ஒரே ஒருவருக்காக, அறிந்த கதையைப் புதிதாகக் கட்டும் வாய்மொழிப் புனைவு என்ற அளவில் இதற்குரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும்.

தற்செயலாக விழுவதைப் படிக்கும் பழக்கம் தமிழருக்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் முருகன் பூசாரியான வேலன் கழங்கு என்னும் காய்களை உருட்டிக் குறி பார்த்தான். குறி சொல்லும் பெண்ணான கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பினாள். இதே போலக் குறி சொல்லப் பயன்படும் மேலை நாட்டு டாரோ சீட்டுகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்காகத் தோன்றியவை. 78 சீட்டுகள் கொண்ட அக்கட்டு குறி சொல்லப் பரவலாகப் பயன்பட்டது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான். 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டுக்குப் படம் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித், அதுவரை பெரும்பாலும் எண்ணையும் சின்னத்தையும் மட்டுமே தாங்கியிருந்த சிறு சீட்டுகளுக்கும் முழுக்காட்சி அமைத்ததால், கற்பவர் மனப்பாடத்தை விட்டுப் படத்திலிருந்தே பொருள் கொள்ள வழி பிறந்தது. ஆனால் டாரோ வாசிப்பவர் பல சீட்டுகளைப் பரப்பி ஒன்றால் மற்றொன்றைத் திருத்திக்கொள்ளலாம். கிளி ஜோசியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே சீட்டு, அதற்குள்ளேயே எல்லாவற்றையும் அவர் தேடியாக வேண்டும்.

ஆனால் அந்தச் சீட்டை எடுத்துத் தரும் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம். 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தலின்போது, கடலூர் வேட்பாளரும் திரைப்பட இயக்குநருமான தங்கர் பச்சானுக்கு வெற்றி உறுதி என்று சொன்ன கிளி ஜோசியரை வனத்துறையினர் பிடித்து, கிளிகளைக் கைப்பற்றி, எச்சரித்து அனுப்பினர். வேட்பாளர் தோற்றார். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது சுவையற்ற வாசிப்பு. படத்திலிருந்து ஆம், இல்லை என்ற விடையைப் பிடுங்கியதோடு அது முடிந்துபோனது.

சிறகு கத்தரிக்கப்பட்ட பறவைக்காக வருந்துவோர் பக்கமே நியாயம் இருக்கிறது. கிளி போவதால் சீட்டுக்கு எந்தக் குறையும் வராது, கேட்பவரே தம் கையால் ஒன்றை உருவிக்கொள்ளலாம். வாசிப்பவர் இழப்பது ஒன்று உண்டு: கிளி வெளியே வந்து, இரண்டு மூன்று உறைகளை இழுத்துத் தள்ளி, ஒன்றைப் பற்றும் வரை வந்தவரின் பார்வை முழுவதும் அதன்மேல் இருக்க, அவரை நிதானமாக அளந்துகொள்ளக் கிடைத்த அந்த அவகாசத்தை அவர் இனிப் பேச்சாலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.