பழுதுபார்ப்பதும் ஒரு வாசிப்பு

தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வாத்தியத்தையும் வாசிக்கிறோம். ஒரு பைப் ஆர்கனைப் பிரித்துச் சரிசெய்பவர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார். எந்தக் குழாய் முதலில் செய்தவர் வைத்தது, எது பின்னால் வந்தவர் போட்ட ஒட்டு என்று அவர் முடிவுசெய்தாக வேண்டும். ஏட்டுச்சுவடியில் இடைச்செருகலைத் தேடும் பதிப்பாசிரியரின் வேலைதான்.

2019 தீ விபத்தில் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் பெரிய ஆர்கன் எரியவில்லை. ஆனால் ஏறத்தாழ 8000 குழாய்கள் மேலும் ஈயத்தூசி. கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டி, ஒவ்வொன்றுக்கும் சுருதி சேர்த்தார்கள். 2024 டிசம்பர் 7 அன்று பேராயர் அதைத் துயிலெழுப்பியதை உலகமே டிவியில் பார்த்தது. பிரமாதமான காட்சி. ஆனா எனக்கு அதைவிடப் பெரிய கதை பிலிப்பைன்ஸின் லாஸ் பின்யாஸ் ஊரில் இருக்கிறது.

தியேகோ செரா என்ற பாதிரியார் அங்கே 1816இல் தொடங்கி 1824இல் முடித்த ஆர்கனில் 1031 குழாய்கள். அவற்றில் 902 மூங்கில். பூச்சி அரிக்காமலிருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தார். பூகம்பமும் புயலும் அதைச் சிதைத்தன. 1973இல் ஜெர்மனியின் பான் நகரத்துக்குப் போய், கிளாய்ஸ் நிறுவனத்தின் கையில் சீராகி, 1975இல் ஊர் திரும்பியது. கதை இதோடு முடிந்திருந்தால் வெள்ளைக்காரன் காப்பாத்திக் கொடுத்த கதைதான். முடியவில்லை. 1994இல் அதே ஊரில், செராவின் பெயரிலேயே, ஐரோப்பாவில் தொழில் கற்று வந்த ஒருவர் ஆர்கன் பட்டறை தொடங்கினார். பின்னர் அந்த மூங்கில் ஆர்கனைப் புதுப்பித்ததும் அந்தப் பட்டறைதான்.

நம்மிடமும் ஆர்கன் உண்டு: சென்னையில் எழும்பூர் ஆண்ட்ரூஸ் கர்க், ஜார்ஜ் கதீட்ரல். மற்ற பெரும்பாலான சபைகளில் கீபோர்டுதான். அதைத் திட்டிப் பயனில்லை. மழைக்காலத்தில் மரம் உப்பும், வெயிலில் துருத்தித் தோல் வெடிக்கும். பார்க்க ஆள் வேண்டாமா?

கோயம்புத்தூரிலிருந்து யோசிச்சா இது வேறு மாதிரி தெரிகிறது. இன்றைய ஆர்கனுக்குக் காற்று தருவது மோட்டார் சுழற்றும் ஒரு விசிறி. மோட்டார் வைண்டிங் தெரிந்த கை இங்கே தெருவுக்குத் தெரு இருக்கு. தோலுக்கு ஈரோடு இருக்கு. இல்லாதது காது. குழாயின் வாயை மயிரிழை திருத்தி, குரல் மாறுவதைக் கேட்கும் காது. அது பார்சலில் வராது. சீவாளி செய்பவரிடம் கற்பதுபோல, பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கேட்டால்தான் வரும். இசை பற்றி இவ்வளவு எழுதும் நாம், வாசிப்பவரைப் பற்றியே எழுதுகிறோம். அந்தக் காதைப் பற்றி எழுதியதில்லை.

நோத்ர தாம் ஆர்கன் விழித்தது ஒருநாள் செய்தி. லாஸ் பின்யாஸில் நாளைக்கே ஒரு மூங்கில் ஊமையானாலும், வேலை தெரிந்தவர் உள்ளூரிலேயே இருக்கிறார்.