ஆண்டிறுதிப் பட்டியலும் படத் தெரிவும்

ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் மாதம் அணுகும்பொழுது, அவ்வாண்டில் தாம் விரும்பிய திரைப்படங்கள் பத்தினை நிரல்படுத்தி வெளியிடுதல் திறனாய்வாளரிடையேயும் சுவைஞரிடையேயும் உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. பரிஸ் நகரத்துக் 'கையே து சினிமா'வும் இலண்டன் நகரத்துச் 'சைற் அன்ட் சவுண்ட்' சஞ்சிகையும் இத்தகைய பட்டியல்களாற் பெயர்பெற்றவை. பட்டியல் வெளிவந்ததும், இப்படம் முதலிடத்துக்கு ஏற்றதா, அப்படம் ஏன் விடுபட்டது என்னும் வாதங்கள் எழுகின்றன. ஆயின், பத்தினைத் தேர்ந்தவர் எத்தனை படங்களைப் பார்த்தார், அவற்றைப் பார்ப்பதென எவ்வாறு முடிவுசெய்தார் என வினவுவோர் மிகச் சிலரே. பாராத படத்தை விரும்பவோ வெறுக்கவோ ஒருவர்க்கும் இயலாது. ஆதலின், பட்டியலின் தரம் அதனை எழுதும் நாளிலன்றி, எவற்றைப் பார்ப்பதெனத் துணியும் நாட்களிலேயே பெரிதும் உறுதியாகிவிடுகின்றது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

எளிய கணக்கொன்றினால் இதனை விளக்கலாம். கடமைகளுக்கிடையே வாரத்துக்கு ஒரு படம் பார்க்கும் ஆசிரியரோ மாணவரோ ஆண்டொன்றில் 52 படங்களைக் காண்பார். இரண்டு பார்ப்பவர்க்கு 104 கிடைக்கும். இந்தியாவில் மட்டும் ஓராண்டில் தணிக்கைச் சான்று பெறும் கதைப்படங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. பிற நாட்டுப் படங்களையும் சேர்த்தெண்ணின், எத்துணை ஊக்கமுடையாரும் ஆண்டின் விளைச்சலிற் சிறுபங்கையே காண்கின்றனர் என்பது வெளிப்படை. 'இவ்வாண்டின் மிகச் சிறந்த படங்கள்' என்னும் தலைப்பு எவராலும் நிறைவேற்ற முடியாத வாக்குறுதியாகும். 'யான் கண்டவற்றுள் விரும்பியவை' என்பதே உண்மைக்கு ஒத்தது.

தெரிந்து தொகுத்தல் தமிழர்க்குப் புதியதன்று. சங்கச் செய்யுட்களைத் தொகுத்தோர் முதற்கண் ஓர் அளவை வகுத்துக்கொண்டனர். குறுந்தொகைக்குப் பெரும்பாலும் 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12 அடி, அகநானூற்றுக்கு 13 முதல் 31 அடி என்பன அவ்வளவைகள். அகநானூற்றைத் தொகுத்தார் உருத்திரசன்மர் எனவும், தொகுப்பித்தான் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி எனவும் பெயர்களும் பேணப்பட்டுள்ளன. எல்லை யாது, பொறுப்பு யாருடையது என்னும் இரண்டும் அங்கே தெளிவாயின. இன்னுமொன்று நோக்குக. கபிலர், பரணர் முதலிய பெரும்புலவர் பாடல்களை மட்டுமே நாடியிருப்பின் தொகைநூல்கள் எளிதில் நிரம்பியிருக்கும். ஆனாற் குறுந்தொகையில் ஒரே பாடலுக்கு உரியராய், இயற்பெயரும் அறியப்படாது, தம் பாட்டிலுள்ள உவமையாலேயே பெயர்பெற்ற செம்புலப்பெயனீரார் இடம்பெற்றுள்ளார். புகழை மட்டும் கருதியோர் அப்பாடலைத் தவறவிட்டிருப்பர். இன்று தமிழறிந்தார் பலர் நாவிலும் பயில்வது அப்பாடலேயாம். இம்மூன்று நெறிகளும் திரைப்படப் பட்டியலுக்கும் பொருந்துவன.

முதலில் எல்லையை ஆராய்வோம். ஒரு படம் எவ்வாண்டுக்கு உரியது? இவ்வினா தோன்றும் அளவுக்கு எளியதன்று. சார்லி சப்ளினின் 'லைம்லைற்' 1952 இல் வெளிவந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அது 1972 இலேயே முறைப்படி திரையிடப்பட்டமையால், 1973 இல் நிகழ்ந்த ஒஸ்கார் விழாவில் இசைக்கான பரிசினைப் பெற்றது. ழான்-பியேர் மெல்வில் 1969 இல் ஆக்கிய 'நிழல்களின் படை' என்னும் பிரெஞ்சுப் படம் அமெரிக்கப் படமாளிகைகளுக்கு 2006 இலேயே வந்தது. அவ்வாண்டின் சிறந்த பிறமொழிப் படமென நியூயோர்க் திறனாய்வாளர் கழகம் அதனையே தேர்ந்தது. தமிழிலும் இதற்குச் சான்றுண்டு. பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 இல் ரொட்டர்டாம் விழாவிற் புலி விருது பெற்றது. பொதுமக்கள் அதனைத் தம் இல்லத்திரையிற் காண வாய்த்ததோ 2023 ஒக்டோபரில். விழாவுக்குச் செல்ல வசதியுள்ளார்க்கு அது 2021 இன் படம். ஏனையோர்க்கு 2023 இன் படம். ஆகவே, ஒரு படம் தம் ஊரவர்க்கு எட்டிய ஆண்டையே அதன் ஆண்டாகக் கொள்ளுதல் தகும். பிறநாட்டார் அளவையை அப்படியே ஏற்போர், தமக்குப் பிந்தி வந்த நல்ல படங்களை எந்த ஆண்டிலும் சேர்க்க இயலாது கைவிட நேரும்.

அடுத்தது காலத்தின் சார்பு. ஒஸ்கார் பரிசுக்குரிய ஆண்டு பொதுவாக டிசெம்பர் 31 உடன் முடிதலின், பரிசினை நாடும் படங்களை அமெரிக்க விநியோகத்தர் ஆண்டின் கடைசி மாதங்களிலே குவிக்கின்றனர். பட்டியல் எழுதுவோரும் அம்மாதங்களிலே விரைந்து பல படங்களைப் பார்க்கின்றனர். நேற்றுக் கண்டது நெஞ்சிற் பசுமையாயிருக்க, சித்திரையிற் கண்டது மங்கிவிடுகின்றது. இதற்கு மருந்து எளிது. படம் பார்த்த அன்றே நான்கு வரி எழுதிவைத்தல் வேண்டும். டிசெம்பரிற் புதியன பத்தினை விழுங்குவதிலும், முன்பு கண்டு உள்ளத்தில் நின்ற இரண்டினை மீளப் பார்த்தல் நன்று. மறுமுறை பார்வையில் நிலைபெறுவதற்கும் முதற்பார்வையில் மயக்கியதற்கும் உள்ள வேற்றுமை அப்போதே புலனாகும்.

இனி, எவர் சொற்கேட்டுத் தெரிவது என்னும் வினா. 2024 ஆம் ஆண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். மலையாளத்திற் 'பிரபயாய் நினச்சதெல்லாம்' எனப் பெயரிய பாயல் கபாடியாவின் படம் அவ்வாண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவிற் பங்குபற்றி, இரண்டாம் பெரும் பரிசாகிய கிராண்ட் பிறீயைப் பெற்றது. முப்பது ஆண்டுகளாக எந்த இந்தியப் படமும் அப்பிரிவில் இடம்பெற்றிருக்கவில்லை. ஆயினும், ஒஸ்காருக்கென இந்தியத் திரைப்படச் சம்மேளனம் தெரிந்தது கிரண் ராவின் 'லாபதா லேடீஸ்' என்னும் இந்திப் படத்தையே. 'சைற் அன்ட் சவுண்ட்' ஆண்டிறுதி வாக்கெடுப்பிலோ கபாடியாவின் படம் முதலிடம் பெற்றது. இரு சபைகள் இருவேறு தீர்ப்புக் கூறின், வாசகர் செய்யத்தக்கது இரண்டையும் பார்த்தலே. முக்காட்டினால் மணப்பெண்கள் புகையிரதத்தில் மாறிப்போகும் கதையைக் கிரண் ராவ் நகைச்சுவையோடு நடத்துகின்றார். அதன் நீதியைப் பாத்திரங்கள் வாய்விட்டே கூறுகின்றன. கபாடியாவின் படத்தில், மும்பாயிலுள்ள மலையாளத் தாதி ஒருத்திக்கு, தொடர்பற்றுப்போன கணவனிருக்கும் யேர்மனியிலிருந்து கடிதமேதுமின்றிச் சோறு சமைக்கும் மின்கலம் ஒன்று வருகின்றது. இரவில் அவள் அதனை அணைத்திருக்கும் காட்சியில் ஒரு சொல்லும் இல்லை. முன்னது இனிய படம். பின்னது ஆழ்ந்த படம். இவ்வேறுபாட்டைப் பரிசுச் செய்தி கற்பிக்காது; கண்ணே கற்பிக்கும்.

பெருங்கூட்டத்தின் குரலும் இவ்வாறே. 2024 ஓகஸ்ட் 23 ஆந் திகதி ஒரேநாளில் இரு தமிழ்ப் படங்கள் வெளிவந்தன. மாரி செல்வராஜின் 'வாழை', வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் துயரை இசையோடும் கண்ணீரோடும் சொல்லி மக்களை ஈர்த்தது. வினோத்ராஜின் 'கொட்டுக்காளி', வேறு சாதியானை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்ததென அவளைக் குறிசொல்வானிடம் கொண்டுசெல்லும் உறவினரின் பயணத்தை, பின்னணி இசையே இன்றிக் காட்டிற்று. நாயகி ஏறக்குறைய வாய்திறப்பதேயில்லை. முடிவினைப் பார்வையாளரிடமே விட்டுப் படம் நின்றுவிடுகின்றது. அவ்வாரம் ஒன்றையே பார்க்க இயன்றவர் கூட்டத்தைப் பின்பற்றி முன்னதற்குச் சென்றிருப்பின், குறை கூறற்கில்லை. அது பார்க்கத்தக்க படமே. ஆனால் ஆண்டு முடியுமுன் மற்றதைத் தேடிப் பார்த்தல் பட்டியல் எழுதுவார்க்குக் கடமையாகும். எளிதிற் கிட்டியவற்றை மட்டும் கண்டவரது பட்டியல் விளம்பரத்தின் எதிரொலியாகவே அமையும்.

ஆதலின், 52 படங்களைப் பார்ப்பவர் பாதியைப் பலராலும் பேசப்பட்டவற்றுக்கு ஒதுக்குக. மீதியில் ஒரு பங்கு தாம் பழகாத மொழிகளுக்கும், ஒரு பங்கு அறிமுகமில்லாத நெறியாளர்க்கும் நம் தீவின் ஆக்கங்களுக்கும் உரியதாகுக. 2022 இல் இலங்கை உற்ற பொருளாதார நெருக்கடியைக் களனாகக் கொண்டு பிரசன்ன விதானகே ஆக்கிய 'பரடைஸ்', 2023 இற் பூசான் விழாவில் விருது பெற்றது. நம் வாழ்வையே பொருளாகக் கொண்ட இத்தகைய படங்களைப் பிறர் பாராட்டியதைச் செய்தித்தாளில் வாசித்து அமைதல் நமக்கு அழகன்று.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய ஆராய்ச்சியன்று. தமிழ் பேசிய முதற்படமெனப்படும் 'காளிதாஸ்' 1931 இல் வெளிவந்தது; இன்று அதன் பிரதி ஒன்றேனும் இல்லை. பெயர்த்தெழுதுவாரின்றி அழிந்த ஏடுகள் எத்தனையோ. சி. வை. தாமோதரம்பிள்ளை தேடித் தொகுத்து 1887 இற் பதிப்பித்தமையாலேயே கலித்தொகை அச்சேறி நம் கைக்கு எட்டிற்று. பார்ப்பாரும் பேசுவாரும் அற்ற படம் திரையிடப்படாது, திரையிடப்படாதது பேணப்படாது. ஒருவரது சிறு பட்டியலும் மற்றொருவரை ஒரு படத்தின்பாற் செலுத்துமாயின், அது அப்படத்தின் ஆயுளை நீட்டும் பணியில் ஒரு பங்காகும்.

எனவே, பட்டியல் எழுத முற்படும் மாணவர் பத்துப் பெயர்களோடு அமையாது, அவற்றின் கீழே மூன்று செய்திகளையும் எழுதுக: கண்ட படங்களின் தொகை, ஆண்டெனக் கொண்ட அளவை, காண விரும்பியும் காண இயலாதுபோனவற்றின் பெயர்கள் என்பன. இவற்றுள் இறுதியிற் கூறியதே அடுத்த ஆண்டுக்குரிய தெரிவின் தொடக்கமாக அமையும்.