ஓரம் தேயும் டயர்
காரில் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் அலைன்மென்ட் கெட்டது என்போம். 1946-இல் வந்த செஸ்னா 140 போன்ற வால்சக்கர விமானத்தில் அந்தத் தீர்ப்பு அப்படியே செல்லாது. அதன் கால்கள் வளைந்துகொடுக்கும் எஃகுப் பட்டைகள். பறக்கும்போது உள்வாங்கும், பாரம் ஏறினால் அகலும். அதனால் தரை தொடும்போது டயரின் வெளியோரம்தான் முதலில் உரசும்.

காரைப்போல் சக்கரங்களின் முன்பக்கத்தைச் சற்று உள்ளே திருப்பலாமே என்று கேட்கலாம். கூடாது. எடைமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. விமானம் வலப்பக்கம் விலகினால் பாரம் இடச் சக்கரத்துக்குப் போகும். உள்நோக்கிய அந்தச் சக்கரம் திருப்பத்தை இன்னும் இறுக்கி, விமானத்தைத் தரையிலேயே சுழற்றிவிடக்கூடும். நேராகவோ, இம்மி வெளிநோக்கியோ வைப்பதே புத்திசாலித்தனம். தேய்மானத்துக்கு, ரிம்மின் இரு பாதிகளைப் பிரித்து டயரைப் புரட்டி மாட்டலாம். காற்றை முழுக்க இறக்கிய பிறகே போல்ட்டில் கை வையுங்கள்.