ஐந்தை அழுத்தினால் தண்ணீர் பாயும்

எங்கள் கிணற்றடி மோட்டார் கொட்டகையில் ஒரு பழைய பட்டன் போன் தொங்குகிறது. என் கையால் செய்தவற்றில் அதைவிட அருமையான பொருள் கிடையாது. எந்த ஊரில் இருந்தாலும் அந்தப் போனின் எண்ணைக் கூப்பிட்டு 5 அழுத்தினால் மோட்டார் ஓடும். 0 அழுத்தினால் நிற்கும். இணையம் வேண்டாம், ஆப் வேண்டாம். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும் காலங்களில், டார்ச் அடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

சூட்சுமம் போனில் கேட்கும் அந்த ‘பீப்’பில் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் இரண்டு ஒலிகளின் கலவை. 5 என்றால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமம் 1963-இல் வாடிக்கையாளர்களுக்குக் கொண்டுவந்த முறை, இன்றைக்கும் சாகவில்லை! எம்டி 8870 என்ற 18 கால் ஐசி இந்தக் கலவையைப் பிரித்து, எந்த எண் என்று நான்கு கால்களில் சொல்லிவிடும். அந்த நான்கிலும் எல்இடி மாட்டிப் பாருங்கள். 5 அழுத்தியதும் முதலாவதும் மூன்றாவதும் பளிச்சென்று எரியும். 0 அழுத்தினால் எதுவும் எரியாது என்றுதான் நினைப்போம். ஆனால் இரண்டாவதும் நான்காவதும் எரியும், ஏனென்றால் இந்த ஐசிக்குப் பூஜ்யம் என்பது பத்து. அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

போனில் ஹெட்செட்டைச் செருகி, தானாகவே அழைப்பை எடுக்கும்படி வைத்துவிட வேண்டும். காதில் மாட்டும் பகுதியை வெட்டி, அந்த வயரை ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வழியாக ஐசிக்குக் கொடுக்கிறோம். அங்கிருந்து ஆர்டுவினோ நானோ, அங்கிருந்து இரண்டு ரிலே. இத்தனையும் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

ஸ்டார்ட்டரில் கை வைக்கும் இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு ரிலே பச்சைப் பட்டனுக்கு இணையாக நின்று ஒரு நொடி மட்டும் தொட்டுவிட்டு விலகும். இன்னொன்று சிவப்புப் பட்டனோடு தொடராக நின்று ஒரு நொடி மட்டும் துண்டிக்கும். நம் விரல் செய்கிற வேலை, அவ்வளவுதான். ஓவர்லோடு ரிலே முதலான பாதுகாப்பெல்லாம் பழையபடியே இருக்கும். ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன்: கடையில் கிடைக்கும் நீல ரிலே 250 வோல்ட்டுக்கானது. ஸ்டார்ட்டர் காயில் 415 வோல்ட்டாக இருந்தால் நடுவில் அதற்கேற்ற ரிலே ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த இணைப்பை எங்கள் ஊர் எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான் கொடுத்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஹெட்செட்டின் மைக்கை வெட்டாமல் விட்டதுதான் இதில் மகுடம். 5 அழுத்தியதும் ‘டொக்’ என்று ஸ்டார்ட்டர் விழும் சத்தம், பின்னாலேயே மோட்டாரின் உறுமல், எல்லாம் காதிலேயே கேட்கும். ஓடுகிறதா இல்லையா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அப்பா முதல்முறை கேட்டபோது போனை என்னிடம் நீட்டி, “டேய், நம்ம மோட்டார்டா!” என்றார்.

வேறு யாராவது கூப்பிட்டு அழுத்தினால்? ஆர்டுவினோவின் நிரலில் நான்கு இலக்க ரகசிய எண் வைத்துவிட்டேன். அதைத் தட்டிய பிறகுதான் 5 வேலை செய்யும்.

இந்தப் பித்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஈஎஸ்பி 8266 போர்டில் எஸ்ப்அலெக்சா என்ற இலவச நிரல் தொகுப்பைப் போட்டேன். அலெக்சா அதை ஒரு பிலிப்ஸ் ஹியூ விளக்கு என்றே எடுத்துக்கொள்கிறது. முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டி கட்டிலில் படுத்தபடியே “அலெக்சா, ஹால் லைட் ஆஃப்” என்கிறார், அணைகிறது.

இருந்தாலும் மனசு கிணற்றடியில்தான். அடுத்து, ஃபுட்வால்வுக்கு மேலே இரண்டு ஸ்டீல் கம்பிகளைத் தொங்கவிடப் போகிறேன். 8 அழுத்தினால், கிணற்றில் தண்ணீர் இருந்தால் பஸ்ஸர் ஒருமுறை ஒலிக்கும், இல்லாவிட்டால் மூன்றுமுறை.