திருத்தமும் திரிபும்: ஒரு பறவைப் படத்தை முன்வைத்து

கலைஞனின் பணி கருவியை இயக்கிய அளவில் முடிந்துவிடுவதில்லை. சிற்பி செதுக்கி முடித்த பின்னரும் மெருகிடுதல் உண்டு. புலவன் பாடி முடித்த பின்னரும் சொல் தேர்தல் உண்டு. நிழற்படக் கலையும் இதற்கு விலக்கன்று. காட்டில் எடுக்கப்பட்ட பறவையின் படம் கணினித் திரையில் இரண்டாம் பிறவி எடுக்கிறது. அப்பிறவியில் அது தெளிவு பெறலாம். தன் உண்மையை இழக்கவும் செய்யலாம். திருத்தம் எங்கே முடிகிறது, திரிபு எங்கே தொடங்குகிறது என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

எடுத்துக்காட்டாகச் சோலைபாடியைக் கொள்வோம். மலாய் மக்கள் இதனை முராய் பத்து என்பர். மலேசியக் காடுகளின் அடர்ந்த கீழ்ப்புதர்களில் வாழ்ந்து, விடியலிலும் அந்தியிலும் இனிது பாடும் பறவை இது. ஆண் பறவையின் தலையும் முதுகும் நீலம் மின்னும் கருமை, வயிறு செம்பழுப்பு, வாலடியும் வாலின் ஓர இறகுகளும் தூய வெண்மை. கருமையும் வெண்மையும் ஓருடலில் அமைந்தமையால் படமெடுப்போர்க்கு இடர்ப்பாடு தோன்றுகிறது. கருமைக்கேற்ப ஒளியளவை அமைத்தால் வெண்மை வெளிறிப் போகும். வெண்மைக்கேற்ப அமைத்தால் கருமை மைக்கறையாய்த் திரளும்.

காட்டின் ஒளியும் எளிதில் உதவுவதன்று. மழைக்காட்டின் தரையை எட்டும் கதிரொளி நூற்றில் ஓரிரு பங்கே. அதுவும் இலைகளினூடே வடிந்து பச்சை தோய்ந்து வருகிறது. மனிதக் கண் அப்பச்சையைப் பெரிதும் தானே ஈடுசெய்து கொள்ளும். கருவி அங்ஙனம் முழுமையாகச் செய்வதில்லை. ஒளி போதாமையால் கருவியின் உணர்திறனை உயர்த்தினால், மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் படமெங்கும் படரும்.

ஆகவே, கருவி தருவதெல்லாம் உண்மை, கை பட்டதெல்லாம் பொய் என்னும் கொள்கை நிலைபெறாது. 1976-இல் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற அமைப்பையே பெரும்பாலான இலக்கமுறைக் கருவிகள் பின்பற்றுகின்றன. அதன்படி ஒவ்வொரு நான்கு உணர்புள்ளிகளில் இரண்டு பச்சையையும், ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும் மட்டுமே பதிகின்றன. எஞ்சிய வண்ணங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்தே நிரப்புகின்றனர். திருத்தமே கூடாது என்பார், கருவி தானே செய்யும் திருத்தத்தை மறந்தவராவர்.

இருட்டறைக் காலத்திலும் நிலை இதுவே. கோலாலம்பூரில் 1915-இல் பிறந்து, திரைப்படத் தொழிலில் பெயர் பெற்ற லோக் வான் தோ, பறவைப் படக்கலையிலும் சிறந்து விளங்கினார். 1957-இல் தம் பறவைப் படங்களை நூலாகவும் வெளியிட்டார். 1964-இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் காலத்து இருட்டறைகளில் படத்தின் ஒரு பகுதியைக் கையால் மறைத்து ஒளி குறைப்பதும், மற்றொரு பகுதிக்குக் கூடுதலாக ஒளி கொடுப்பதும் வழக்கமே. 1990-இல் போட்டோஷாப் வெளிவந்த பின்னர் கை செய்த வேலையைக் கணினி செய்கிறது. கருவி மாறியது, கேள்வி மாறவில்லை.

நல்ல திருத்தத்திற்கு ஒழுங்கு உண்டு. முதற்கண் மூலக்கோப்பைத் தொடாமல் காத்து, படியொன்றில் மட்டுமே பணிபுரிதல் வேண்டும். பச்சைத் தோய்வை அளவோடு நீக்குதல் அடுத்தது. பின்னர் நிழற்பகுதியைச் சற்றே உயர்த்தினால் கருஞ்சிறகின் நீல மினுக்கம் வெளிப்படும். மணற்புள்ளிகளைப் பின்னணியில் தாராளமாகவும் இறகில் சிக்கனமாகவும் குறைத்தல் வேண்டும். இன்றேல் இறகு மெழுகாகிவிடும். விளிம்பைக் கூர்மையாக்குதல் இறுதிப் பணி. அது மிகுந்தால் பறவையைச் சுற்றி வெண்கோடு தோன்றும். அக்கோடு திருத்தியவரின் கைரேகையே அன்றிப் பறவையின் உறுப்பன்று.

அளவு எது என்பதை அறியத் தமிழ் மாணவர் வெளியே தேட வேண்டுவதில்லை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்தில் வாழும் பறவையைக் கருப்பொருளுள் ஒன்றாக வைத்தார். பறவை தன் நிலத்தோடும் பொழுதோடும் இயைந்தே பொருள் தருகிறது என்பது இதனால் பெறப்படும். இவ்வளவுகோலைப் பறவைப் படத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம். விடியலின் மங்கல் ஒளியில் பாடிய பறவையை நண்பகல் வெயிலில் நிற்பதுபோல் காட்டினால் பொழுது பொய்யாகிறது. புதரையும் கொடியையும் முற்றும் துடைத்துவிட்டால் நிலம் பொய்யாகிறது. பெண் சோலைபாடி ஆணைவிட மங்கிய நிறத்தது, கருமையில் சாம்பல் சாயல் கலந்தது, வாலும் குறுகியது. அழகு கருதி அதன் வண்ணத்தை அழுத்தமாக்கினால் ஆணோ பெண்ணோ என மயங்கும் நிலை உண்டாகும். அங்கே கருப்பொருளே பொய்யாகிறது.

கலைக்குக் கற்பனை உரிமை உண்டன்றோ எனச் சிலர் வினவலாம். உண்டு, ஓவியம் என்று சொல்லித் தீட்டுவோரை எவரும் தடுப்பதில்லை. ஆயின் நிழற்படம் என்று கூறி, அடியில் பறவையின் பெயரையும் காட்டின் பெயரையும் எழுதும்போது அது சான்றாகிவிடுகிறது. சான்று சொல்வோன் தெளிவாகச் சொல்லலாம், இல்லாததைச் சொல்லலாகாது.

இவ்விடத்தில் உ. வே. சாமிநாதையரின் பதிப்புநெறி நினைக்கத்தக்கது. அவர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஏடெழுதினோர் பிழைகளைக் களைந்தார், பாடவேறுபாடுகளைக் குறித்தார். 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விடங்கள் வெற்றிடங்களாகவே நின்றன. செய்யுள் இயற்றும் ஆற்றல் அவர்க்கு இருந்தது. எனினும், ஓரடியேனும் தாமே புனைந்து இட்டு நிரப்பினாரல்லர். அந்த அடக்கமே அவர் பதிப்பை நம்பத்தக்கதாக்கியது. இன்று, பறவையின் மார்பை மறைத்த சுள்ளியை நீக்கினால், அதன் பின்னிருந்த இறகுகளைச் செயற்கை நுண்ணறிவு கணப்பொழுதில் புனைந்து தருகிறது. அவ்விறகுகள் எந்தப் பறவையிலும் முளைத்தவை அல்ல. சுள்ளி மறைத்த படம் குறையுடையது. புனைந்த இறகு ஒட்டிய படம் பிழையுடையது. குறையைப் பொறுக்கலாம், பிழையைப் பொறுக்கலாகாது.

இது வெறும் அழகியல் வழக்கன்று. சோலைபாடியின் இன்குரலே அதற்குப் பகையாயிற்று. கூண்டுப் பறவை வணிகத்திற்காக அது பெருமளவில் பிடிக்கப்படுகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் முன்மொழிய, 2022-இல் பனாமாவில் கூடிய அருகிவரும் உயிரின வணிக உடன்பாட்டு மாநாடு அதனை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. இந்நிலையில் ஒரு படத்தில் தெரியும் காலடி வளையமோ, தேய்ந்து சிதைந்த வாலோ அப்பறவை கூண்டிலிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு அறிகுறியாகும். அழகுக்காக வளையத்தை அழித்து வாலைச் செப்பனிடுவோர், தம்மையறியாமலே தடயத்தை அழிக்கின்றனர்.

காட்டுக்குச் செல்லும் வாய்ப்பில்லாத மாணவர்க்குப் படமே காடு. அதில் கண்ட பறவையையே அவர்கள் பறவை என்று நம்புவர். மாணவன் கட்டுரையின் பிழையை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். அவனுக்காகப் புதுக்கட்டுரை எழுதி அதற்கு மதிப்பெண் இடுவதில்லை. படத்தைத் திருத்துவோர்க்கும் அந்நெறியே பொருந்தும். கருவியின் பிழை நீங்கட்டும். பறவையும் அதன் காடும் அதன் விடியலும் உள்ளவாறே நிற்கட்டும்.