பனிமனிதனும் பதினைந்து புள்ளியும்

டிசம்பர் மாதத்தில் முகப்பேரில் என்ன விழும்? மழை விழும். 2023-ல் மிக்ஜாம் மாதிரி புயல் வந்தால் மரம் விழும். கடைசி வாரத்தில் கொஞ்சம் மார்கழிப் பனி விழும், அதற்கு ஒரு மஃப்ளர் போதும். உருட்டிப் பொம்மை செய்கிற அளவுக்கு இங்கே பனிக்கட்டி கொட்டியதாக இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கம்ப்யூட்டர் கிளாஸிலிருந்து கொண்டுவந்தது ஒரு பனிமனிதன். தலையில் தொப்பி, கேரட் மூக்கு, பளபளவென்று கலர் பிரிண்ட்.

"நீயே வரைஞ்சியா?"

"இல்லப்பா. மிஸ் படத்தை வெச்சிருந்தாங்க. நாங்க கலர் ஊத்தினோம்."

"என்ன கலர்?"

"வெள்ளை."

வெள்ளைத் திரையில் வெள்ளைப் பொம்மைக்கு வெள்ளை ஊற்றிவிட்டு வந்திருக்கிறாள். சிரித்துவிட்டேன். பிறகு பழைய பிரிண்ட்களை எடுத்து வரிசையாகப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. சுதந்திர தினத்துக்குக் கொடியில் மூன்று வண்ணம் ஊற்றியிருக்கிறாள். தீபாவளிக்கு அகல்விளக்குப் படத்தைக் காப்பி செய்து ஒட்டி, மேலே வளைந்த எழுத்தில் வாழ்த்து. போன பொங்கலுக்கு அதே மாதிரி ஒரு பானை. விசேஷம்தான் மாறுகிறது, வேலை மாறவே இல்லை.

மிஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைகள், இருபது கம்ப்யூட்டர், நாற்பது நிமிஷம். அதற்குள் எல்லார் கையிலும் ஒரு படம் இருந்தாக வேண்டும். ஏன் இருந்தாக வேண்டும்? நாம் கேட்கிறோமே சார்! ஃபீஸ் கட்டியாகிவிட்டது, வாட்ஸப் குரூப்பில் போட ஏதாவது வேண்டாமா? பனிமனிதன் குழந்தைக்காக வந்தவன் இல்லை. உங்களுக்காகவும் எனக்காகவும் வந்தவன்.

பண்டிகையை வைத்துப் பாடம் நடத்துவது நல்ல யோசனைதான். லீவு நெருங்கும்போது குழந்தையின் மனசு ஏற்கெனவே பட்டாசிலும் கரும்பிலும் இருக்கிறது. பாடத்தையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். போன இடத்தில் குழந்தைக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பனி கொட்டுகிற அமெரிக்காவில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கும் 'அவர் ஆஃப் கோட்' என்ற இயக்கம் 2013-ல் தொடங்கியது. அடுத்த வருஷம் 'ஃப்ரோஸன்' படத்து எல்ஸாவையும் அன்னாவையும் அதில் கொண்டுவந்தார்கள். அவர்கள் பனிச்சறுக்கில் போகிற தடமே கோடாக விழும். எவ்வளவு தூரம் போக வேண்டும், எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்று குழந்தை கட்டளை கொடுக்க வேண்டும். சரியாகக் கொடுத்தால் ஒரு பனிப்பூ மலரும். நாம் பனியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு கட்டளையை அங்கேயே விட்டுவிட்டோம்.

இந்த 'போ, திரும்பு' சமாசாரத்துக்கு அறுபது வயசு ஆகப்போகிறது. 1967-ல் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற மொழியை உருவாக்கினார்கள். பிற்பாடு அதில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. கட்டளைப்படி ஆமை நகரும், போன வழியெல்லாம் கோடு விழும்.

கொஞ்சம் யோசித்தால், நம் வாசலில் தினமும் நடப்பதும் அதுதானே? மார்கழியில் பத்திரிகைகளில் ஒரு வரி போடுவார்கள்: '15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை.' அவ்வளவுதான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெண்கள் நடுவில் 15, மேலும் கீழும் 14, 13 என்று குறைத்து, 8-ல் நிறுத்தி, மொத்தம் 169 புள்ளிகளைத் தரையில் இறக்கிவிடுவார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் இதைத்தான் புரோகிராம் என்கிறார்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும், கமலா கிருதிவாசனும் சேர்ந்து, கோலத்தின் இலக்கணத்தைப் பற்றி 1974-லேயே கம்ப்யூட்டர் வரைகலை ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். முகப்பேரிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் தாம்பரம். ஆனால் நம் பள்ளிக்கூடத்துக்கு வட துருவம் பக்கமாகத் தெரிகிறது!

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முயன்று பார்த்தோம். எம்.ஐ.டி.யின் மீடியா லேப் 2007-ல் வெளியிட்ட 'ஸ்க்ராட்ச்' இலவசம். முதலில் ஒரு சதுரம்: நூறு அடி போ, 90 டிகிரி திரும்பு, நாலு தடவை செய். பிறகு கொஞ்சம் திரும்பி அதே சதுரம். இப்படி எட்டு. எவ்வளவு திரும்புவது என்பதை அவளிடமே விட்டேன்.

40 என்று போட்டாள். பூ வந்தது, ஆனால் ஓரிடத்தில் பொக்கைப் பல் மாதிரி இடைவெளி. 50 போட்டாள். கடைசிச் சதுரம் முதல் சதுரத்தின்மேல் ஏறி உட்காரப் பார்த்தது. "கோலம் கூடலைப்பா" என்றாள். சமையலறையிலிருந்து என் மனைவி, "வாசல்லயும் அப்படித்தான். கடைசி இழை வந்து சேரலேன்னா நடுவுல எங்கயோ தப்பு" என்று குரல் கொடுத்தார். 45 போட்டதும் பூ கூடிவிட்டது. அவள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

நான் பி.காம். எனக்கு இது ட்ரையல் பேலன்ஸ். இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை என்றால் எங்கோ தப்பு, தேடு என்று அர்த்தம். கற்றுக்கொண்டதெல்லாம் அப்படித் தேடித்தான். பனிமனிதனில் தேடுவதற்கு என்ன இருக்கிறது? வெள்ளை ஊற்றினால் வெள்ளை. தப்பே செய்ய முடியாத வேலையில் சரியாகச் செய்தேன் என்கிற சந்தோஷமும் கிடையாது.

இதற்குப் புது லேப் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கும் ஐந்துமுனை நட்சத்திரம் வேண்டுமா? கோடு போட்டு 144 டிகிரி திரும்பு, ஐந்து தடவை செய். கம்ப்யூட்டர் போதவில்லையா? பாதிப் பிள்ளைகள் கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைக்கட்டும், மீதிப் பேர் திரையில் போடட்டும், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளட்டும். எல்லார் படமும் ஒரே மாதிரி வராது, சிலது கோணலாக வரும். அதை நோட்டீஸ் போர்டில் பார்த்து நாம் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் செலவு.

முகப்பேர் என்ற பெயரே மகப்பேறு என்பதிலிருந்து வந்ததாக இங்கே சொல்வார்கள். சந்தான ஸ்ரீநிவாசப் பெருமாளிடம் பிள்ளை வரம் கேட்டு வருகிற ஊர். கேட்டு வாங்கிய பிள்ளைக்கு இன்னும் ஒன்றையும் கேட்டு வாங்கலாம். அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கை விசாரித்து முடித்ததும், மிஸ்ஸிடம் மெதுவாகக் கேளுங்கள்: "கம்ப்யூட்டர் கிளாஸ்ல கொடுத்த வேலையில் என் குழந்தை எங்கே தப்பு பண்ண முடியும்?"

நானும் கேட்கப் போகிறேன். அதுவரை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அவன் ஒட்டிக்கொண்டிருப்பான். முகப்பேர் வெயிலில் உருகாத ஒரே பனிமனிதன்.