ஒரே தப்பு, வேற வேற தண்டனை: ஐ.எஸ்.எல். ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்வி

ஐ.எஸ்.எல். பார்க்கிற யாரிடம் பேசினாலும் ஒரு புகார் வந்துடும். "எங்க டீமுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தண்டனை? அவங்களை ஏன் சும்மா விட்டாங்க?" கேரளா, கொல்கத்தா, கோவா, எந்த ஊர் ரசிகரானாலும் இதே பாட்டுதான்.

செஞ்சியிலிருந்து சென்னை நேரு ஸ்டேடியம் 150 கி.மீ.க்கு மேல. அதனால நான் பெரும்பாலும் டி.வி. ரசிகன். ஆட்டத்தைப் போலவே, ஆட்டம் முடிஞ்ச பிறகு வரும் ஒழுங்குக் குழு உத்தரவுகளைப் படிப்பதும் எனக்குப் பிடிக்கும். சில பழைய தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாரும் சண்டை போடாத இடம். லீக்கில் ஒரு ஆட்டக்காரர் 4 மஞ்சள் அட்டை வாங்கினால் அடுத்த ஆட்டம் உட்கார வேண்டும். நட்சத்திரமோ புதுப் பையனோ, கணக்கு ஒண்ணுதான். ஒரு அட்டை சரியா தப்பான்னு விவாதம் வரும். ஆனா நாலு சேர்ந்தா என்ன ஆகும் என்பதில் விவாதமே கிடையாது. விதி முன்கூட்டியே தெரியும், எல்லோருக்கும் பொது. கணக்கு முடிந்து ஒரு குழுவின் விருப்புரிமை தொடங்கும் இடத்தில்தான் தகராறும் தொடங்குகிறது.

பெரிய உதாரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், பிளே-ஆஃப் ஆட்டம். கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் சுவர் அமைப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்து கோல் போட்டுவிட்டார். ரெஃப்ரி கோல் என்றார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியைக் களத்திலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். மார்ச் 31-ல் ஏ.ஐ.எஃப்.எஃப். ஒழுங்குக் குழு தீர்ப்பு சொன்னது: கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம். மேல்முறையீடு தோற்றது. லோசானில் இருக்கும் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்திலும் கிளப்புக்குச் சாதகமாக எதுவும் நடக்கவில்லை.

ரசிகர்கள் இன்னைக்கும் அந்த ஃப்ரீ கிக்கைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனா அது பலவீனமான வாதம். ரெஃப்ரி 'விசிலுக்குக் காத்திரு' என்று சைகை காட்டாத வரை ஃப்ரீ கிக்கை உடனே அடிக்கலாம். ஆட்டவிதி 13 அதற்கு இடம் கொடுக்கிறது. ரெஃப்ரி தப்பே செய்திருந்தாலும் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போவதற்கு விதியில் இடமில்லை. தண்டனை வரத்தான் செய்யும்.

கேட்க வேண்டியது வேற. ஆட மறுக்கும் அணிக்கு ஏ.ஐ.எஃப்.எஃப். ஒழுங்கு விதி 58 சொல்லும் குறைந்தபட்ச அபராதம் 6 லட்சம். கொடுத்தது 4 கோடி, கிட்டத்தட்ட 67 மடங்கு. குழுவுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனா 6 லட்சத்திலிருந்து 4 கோடிக்கு ஏறும் படிக்கட்டு எங்கே? எந்தச் சூழலுக்கு எத்தனை மடங்கு என்று அந்த விதி சொல்லவில்லை.

இதற்கு முன்பும் ஒரு வெளிநடப்பு நடந்திருக்கிறது. 2012 டிசம்பர் 9, கொல்கத்தா சால்ட் லேக், ஐ-லீக் டெர்பி. கூட்டத்திலிருந்து வந்த கல் மோகன் பகானின் ரஹீம் நபியின் முகத்தைக் காயப்படுத்தியது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் களத்துக்குத் திரும்பவில்லை. முதலில் லீக்கிலிருந்தே தடை. சில வாரங்களிலேயே, 2013 ஜனவரியில், தடை விலகியது. 2 கோடி அபராதம், அதுவரை எடுத்த புள்ளிகள் பூஜ்யம் என்று மாற்றினார்கள்.

நம்ம சென்னையின் எஃப்.சி. கோப்பை வென்ற 2015 இறுதி ஆட்டமும் ஞாபகம் இருக்கும். கோவா அணி பரிசளிப்பைப் புறக்கணித்தது. அப்போது லீக்கின் சொந்த ஒழுங்கு ஆணையம் கொடுத்தது 11 கோடி அபராதம், 15 புள்ளி வெட்டு. அப்பீலில் புள்ளி வெட்டு போனது, அபராதமும் குறைந்தது.

மூன்று சம்பவமும் அச்சு அசல் ஒண்ணு கிடையாது. கல்லடி பட்டதும், கோல் விழுந்த கோபமும், பரிசளிப்புப் புறக்கணிப்பும் வேற வேறதான். ஆனா எந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு எடை என்று விதியைப் படித்துச் சொல்ல முடியவில்லை. முதல் தீர்ப்பு மலை மாதிரி வருகிறது, அது கரையுமா கரையாதா என்பது பிறகுதான் தெரிகிறது. சாஃப்ட்வேர்ல இப்படி ஒரு ஃபங்ஷன் எழுதினா டெஸ்டிங் டீம் அன்னைக்கே திருப்பி அனுப்பிடும்.

வாய்ப்பேச்சு விஷயத்திலும் இதே கதை. 2022 பிப்ரவரியில் பிளாஸ்டர்ஸுடன் ஆடி முடித்த சந்தேஷ் ஜிங்கன், பெண்களோடு ஆடிட்டு வந்தோம் என்ற பொருளில் பேசி மாட்டிக்கொண்டார். மன்னிப்பு கேட்டார், எச்சரிக்கையோடு விட்டார்கள். 2023 நவம்பரில் சென்னையின் அணியோடு 3-3 டிரா ஆன பிறகு வுகோமனோவிச் ரெஃப்ரிகளை விமர்சித்தார். ஒரு ஆட்டத் தடை, 50,000 அபராதம். பெண்களை இழிவாகப் பேசினால் எச்சரிக்கை, ரெஃப்ரியைக் குறை சொன்னால் தடை. ஒரு பெண் ஆட்டக்காரர் இந்த இரண்டையும் பார்த்தால் தன் இடம் எது என்று நினைப்பார்?

இங்கிலாந்திலும் தீர்ப்புகளை எல்லோரும் ஏற்பதில்லை. 2011-ல் பாட்ரிஸ் எவ்ராவை இனத்தைக் குறித்துத் திட்டியதாக லூயிஸ் சுவாரஸுக்கு 8 ஆட்டத் தடை விதித்தார்கள். லிவர்பூல் ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனா குழு 115 பக்கத்தில் காரணம் எழுதி வெளியிட்டது. எந்தச் சாட்சியை ஏன் நம்பினோம், 8 என்ற எண் எப்படி வந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. திட்டுகிறவர்கூட பக்க எண்ணைச் சொல்லித் திட்டலாம்.

நமக்கும் வேண்டியது அதுதான். தப்புவாரியாக ஒரு தண்டனைப் பட்டியல், கூட்டுவதற்கும் குறைப்பதற்குமான காரணங்கள், பழைய தீர்ப்போடு ஒப்பிட்டு ஒரு பத்தி. இதற்குப் புது ஸ்டேடியமோ ஸ்பான்சரோ தேவையில்லை. அடுத்த முறை உங்க டீமுக்குத் தண்டனை வந்தால் "ரெஃப்ரி திருடன்" என்று கத்துவதை விட்டுட்டு, "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்க. எதிர் டீமுக்கு வரும்போதும் அதே கேள்வியைக் கேட்டால்தான் அதுக்கு மதிப்பு.